செல்வி அக்காவின் இரண்டாவது மூக்கு

என் செல்ல அக்கா செல்விக்கு,

நேற்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. உன் இரண்டாவது மூக்கு தயாராகிவிட்டதாம். நீ போய்விட்டதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் மட்டும் எப்படிச் சொல்வேன்? "வரேன்" என்றேன்.

புற்றுநோய்க்காக உன் மூக்கை எடுத்த பிறகு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் மீன் விற்றாய். புதுப்பட்டினம் மார்க்கெட்டில் யாரும் உன்னிடம் பேரம் பேசவில்லை. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுச் சட்டென்று நகர்ந்தார்கள். அதுதான் உனக்கு அதிகம் வலித்தது, இல்லையா?

செயற்கை மூக்கு செய்கிற நிவேதா உன் முகத்தை ஸ்கேன் எடுத்தாள். "கூடப் பொறந்தவங்க மூக்க வெச்சு அளவு பார்த்துக்கலாம்" என்று என் முகத்தையும் எடுத்தாள். கம்ப்யூட்டரில் உன் முகத்தின் மேல் என் மூக்கு வந்து உட்கார்ந்தது.

"இன்னாடி கோமதி, உன் சப்ப மூக்கா எனக்கு? கொஞ்சம் தூக்கி வெக்கச் சொல்லுடி!"

நிவேதா சிரித்துக்கொண்டே கொஞ்சம் தூக்கினாள். அந்த அளவில் மெஷினில் அச்சு எடுத்து, உன் நிறத்தில் சிலிக்கான் ஊற்றிச் செய்தார்கள்.

அதை ஒட்டிக்கொண்டு மார்க்கெட் போன அன்று ஓட்டமாக வீட்டுக்கு வந்தாய். "டவுன்ஷிப் அம்மா ஒண்ணு என்னாண்ட பேரம் பேசிச்சுடி! வஞ்சரத்துக்கு இன்னா சண்ட போட்டுச்சு தெரியுமா!" நீ அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

கொஞ்ச நாளில் ஓரம் ஒட்டாமல் போனது. பசை சரியில்லை என்று நினைத்தோம். நோய் திரும்பி, புண் அகலமாகிக்கொண்டிருந்தது. "உங்க மூக்கு கம்ப்யூட்டர்ல அப்படியே இருக்கு, ஓரத்த மட்டும் மாத்தினா போதும்" என்று நிவேதா மறுபடி ஸ்கேன் எடுத்தாள். அது செய்து முடிவதற்குள் புண் கன்னம் வரை வந்துவிட்டது. நீ எழுந்திருக்கவே இல்லை.

உன்னைக் கிடத்தியிருந்தபோது மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த மூக்க வெச்சு வுடு கோமதி. மூஞ்சியோட போவட்டும்."

வைத்துப் பார்த்தேன். நிற்காமல் உள்ளே சரிந்தது. துணியால் மூடித்தான் அனுப்பினோம். அது சரியா அக்கா?

இன்று போய்ச் சொன்னேன். நிவேதா மூக்கு இருந்த டப்பாவை ஒருமுறை திறந்து காட்டி மூடி, இரண்டு கையாலும் நீட்டினாள். வெயிலில் நீ கறுத்த நிறம்கூட அதில் அப்படியே இருக்கிறது. வேறு யாருக்கும் பொருந்தாது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, மறுபடி திறந்து பார்க்கவும் முடியவில்லை.

உன் மகள் தேவி இப்போது என்னிடம்தான் இருக்கிறாள். சோறு போட்டால் தட்டைப் பார்க்காமல் என்னையே பார்க்கிறாள். "சித்தி, உன் மூக்கு அம்மாது மாரியே கீது" என்று சொல்லிவிட்டு அழுகிறாள். எனக்கு எழுந்து எங்கேயாவது போய்விடலாம் போலிருக்கிறது.

அவளுக்குச் சொல்ல என்னிடம் ஆறுதல் எதுவும் இல்லை. ஆனால் அவள் பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன். அது மட்டும் சத்தியம், அக்கா.

உன் கூடப் பிறந்தவள்,
கோமதி
சதுரங்கப்பட்டினம்