களிம்பு வண்டியும் எங்கள் வெள்ளிக்கிழமைப் பாட்டும்

அனுப்புநர்:
கா. பிச்சுமணி, வயது 51,
குடைக்கடைச் சிப்பந்தி,
கரமனை, திருவனந்தபுரம்.

பெறுநர்:
ஒலிபெருக்கி லைசென்ஸ் அதிகாரி அவர்கள்,
திருவனந்தபுரம்.

பொருள்: சிரங்குக் களிம்பு விளம்பர வண்டியில், பெண்கள் பாடிவரும் பழைய அம்மன் பாட்டின் மெட்டை உபயோகிப்பதைத் தடுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனு தங்களிடம் வந்து சேரத் தாமதமானதற்கு முழுக் காரணமும் நானே. சென்ற வியாழக்கிழமை இதன் முதல் பிரதியோடு வந்தவன், எந்த வரிசை நீளமாக இருக்கிறதோ அதுவே சரியான வரிசை என்று எண்ணி நின்றுவிட்டேன். அது பக்கத்து டிஸ்பென்சரியின் வரிசை. முக்கால் மணி நேரம் கழித்து என் முறை வந்தது. மேஜையில் இருந்தவர், 'பொருள்' என்ற இடத்தில் நான் சுருக்கமாக 'சிரங்கு விஷயம்' என்று எழுதியிருந்ததை வாசித்துவிட்டுக் கையை நீட்டச் சொன்னார். அரசாங்க உத்தியோகஸ்தர் சொன்னால் நீட்டித்தான் எனக்குப் பழக்கம். விரலிடுக்குகளைப் பார்த்தார். நான் விளக்கம் சொல்ல ஆரம்பிப்பதற்குள் பின்னால் நின்றவர்கள் இரண்டடி விலகிவிட்டார்கள். ஒரு டப்பி கந்தகக் களிம்பு கொடுத்தார்கள். மறுத்தால் இன்னும் பேச வேண்டியிருக்கும் என்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். ஆகையால்தான் இந்தப் பிரதியில் பொருளைச் சற்று நீட்டி எழுதியிருக்கிறேன்.

2. நான் நாலாவது பாரம் வரை படித்தவன். மலையாளம் பேசுவேன், எழுதினால் பிழை வரும். தங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று தங்கள் பியூன் சொன்ன தைரியத்தில் தமிழில் எழுதுகிறேன். இதிலும் பிழை இருந்தால் அதற்குப் பியூன் பொறுப்பல்ல.

3. விஷயம் இதுதான். 'சிரங்கு சம்ஹாரி' என்னும் களிம்பை விற்கும் கம்பெனியார், கார்த்திகை மாதம் முதல் ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்றை எங்கள் தெருப் பக்கம் அனுப்பி வருகிறார்கள். தினம் மாலை நாலு மணிக்கு வரும். களிம்பு நல்ல களிம்பு என்றே கேள்வி. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வண்டியில் போடும் இசைத்தட்டில்தான் ஆட்சேபணை. வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றியதும் எங்கள் தெருப் பெண்கள் பாடுகிற ஒரு பழைய பாட்டு உண்டு. 'வாசல் திறந்தேன், வருவாய் அம்மா. வாடிய எனக்கருள் தருவாய் அம்மா' என்று தொடங்கும். இயற்றியவர் யாரென்று தெரியாது. ராகத்தின் பெயர் என் மகளுக்குத் தெரியும். பல தடவை சொல்லியிருக்கிறாள், பல தடவை மறந்திருக்கிறேன். கம்பெனியார் அந்த மெட்டை நெளிவு சுளிவு ஒன்றும் விடாமல் எடுத்து, 'வாங்கித் தடவு, மறவாதே அண்ணா. வாரத்தில் சிரங்கு மறையுமே அண்ணா' என்று பாடவைத்திருக்கிறார்கள்.

4. வார்த்தைகள் மெட்டில் நன்றாக உட்கார்ந்திருக்கின்றன. உபத்திரவமே அதுதான். மார்கழியில் பெண்கள் இந்தப் பாட்டை எடுப்பார்கள்; இரண்டாவது அடி வருவதற்குள் யாராவது ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்; அம்மன் படத்துக்கு முன்னால் சிரிக்கலாகாதே என்று மற்றவர்கள் அவசரமாக வேறு பாட்டுக்குத் தாவுவார்கள். தை பிறந்தது முதல் அதை எடுப்பதையே விட்டுவிட்டார்கள். நானும் யோக்கியன் அல்ல. கடையில் ஒருவருக்குக் குடையை விரித்துக் காட்டும்போது என்னை அறியாமல் களிம்புப் பாட்டை முணுமுணுத்திருக்கிறேன். 'இந்தக் குடை வாங்கினா சிரங்கும் போகுமா, சாமி?' என்று கேட்டுவிட்டு, வாங்காமல் போய்விட்டார்.

5. கம்பெனியாருக்கு மார்கழியிலேயே ஒரு கடிதம் எழுதினேன். பாட்டின் உடைமைக்காரர் யார் என்பதற்கு ஆதாரம் அனுப்பினால் ஆலோசிப்பதாகப் பதில் வந்தது. உடைமைக்காரர் அம்மன்தான் என்று எழுதலாமா என்று யோசித்தேன். அதற்கும் ஆதாரம் கேட்பார்கள் என்று விட்டுவிட்டேன். பதிலோடு புது வருஷக் காலண்டர் ஒன்றையும் அனுப்பியிருந்தார்கள். அதன் தலையில் களிம்புப் பாட்டு முழுவதும் அச்சாகியிருக்கிறது. என் மனைவி சாவித்ரி அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டியிருக்கிறாள். தேதி வேண்டுமானால் அடுத்த வீட்டில் கேட்டுக்கொள்கிறோம்.

6. வண்டியில் தட்டுப் போடுகிறவர் பெயர் தாசையன். நெய்யாற்றின்கரைப் பக்கத்து மனிதர், நல்ல சுபாவம். இந்தப் பாட்டுத்தானா கிடைத்தது என்று ஒரு நாள் கேட்டேன். 'நானா சாமி எடுத்தேன்? முதலாளி எடுத்தது. தெரிஞ்ச பாட்டுன்னா ஆளு நிக்கும், தெரியாத பாட்டுன்னா ஆளு நடக்கும். அவ்வளவுதான் காரியம்' என்றார். எங்கள் தெருவில் ஆள் நின்றது வாஸ்தவம். நானும் நின்றிருக்கிறேன்.

7. சென்ற மாதம் 31ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, என் மகள் வாலாம்பாளைப் பெண் பார்க்க வடிவீஸ்வரத்திலிருந்து ஒரு வீட்டார் வருவதாக இருந்தது. ஞாயிறு ராகுகாலம் நாலரை முதல் ஆறு வரை. ஆகையால் மூன்று மணிக்கு வந்து நாலரைக்குள் பார்த்து முடிப்பதாக ஏற்பாடு. வந்தவர்கள் பாடச் சொல்வார்கள், என் மகள் இந்தப் பாட்டைத்தான் பாடுவாள். நாலு மணி வண்டி இடையில் வந்து புகுந்துவிடுமே என்று பயந்து, முதல் நாளே தாசையனை நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். 'சாமி ஒண்ணும் பேடிக்காண்டாம். நாளைக்கு ஆறு மணி கழிஞ்சுதான் இந்தத் தெருவுக்கு வருவேன். எனக்கும் பொம்பளப் பிள்ளை உண்டு' என்றார். காரியத்தைச் சாமர்த்தியமாக முடித்துவிட்டதாக அன்று ராத்திரி என் மனைவியிடம் இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன்.

8. மறுநாள், அவர்கள் வந்த பஸ் பாலராமபுரத்தில் டயர் வெடித்து நின்றுவிட்டது. எங்கள் வாசலுக்கு வரும்போது மணி நாலு ஐம்பது. ராகுகாலத்தில் பெண்ணை அழைத்து வர வேண்டாம் என்று பையனின் தாயார் சொன்னார். என் மனைவியும் அதையேதான் சொன்னாள். இரு வீட்டாருக்கும் பரிபூரண ஒற்றுமை ஏற்பட்டது அந்த ஒரு விஷயத்தில்தான். ஒரு மணி பத்து நிமிஷம் சொஜ்ஜியையும் பஜ்ஜியையும் வைத்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசினோம். தை மாதத்தில் மழை ஏது? குடைக்கடைக்காரனிடம் வேறு எதைப் பேசுவது என்று அவர்கள் நினைத்திருக்கலாம். வண்டி மட்டும் வழக்கம்போல் நாலு மணிக்கு வந்து போயிருந்தால் ஒரு தொந்தரவும் நேர்ந்திருக்காது. அதை ஆறு மணிக்கு வரச் சொன்னவன் நான்.

9. ஆறு அடித்ததும் வாலாம்பாள் வந்து நமஸ்காரம் செய்து, உட்கார்ந்து பாடினாள். நன்றாகப் பாடினாள் என்று தகப்பன் சொல்வதற்கு மதிப்பில்லை. வந்தவர்கள் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள் என்பதை மட்டும் தெரிவிக்கிறேன். முதல் அடியை ஒரு தடவை பாடி, மறுபடியும் எடுத்தாள். சொன்ன சொல் தவறாத தாசையன் அப்போது தெருமுனையில் தட்டைப் போட்டார். இதற்குள் நல்ல காரியம் முடிந்திருக்கும், விசாரித்துப் போவோம் என்ற மரியாதையில் வண்டியை எங்கள் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். என் மகள் 'வாடிய எனக்கருள்' என்றாள். ஒலிபெருக்கி 'வாரத்தில் சிரங்கு' என்றது. கூடத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பையனின் மாமா கல்யாணராமன் என்பவர் தொடையைத் தட்டிக்கொண்டு, 'பேஷ்! பக்கவாத்தியத்தை வாசல்லயே நிறுத்தி வெச்சிருக்கேரே ஓய்!' என்றார். பையனின் தாயார் சிரிக்கவில்லை. 'கொழந்தைக்கு தேகத்துல ஒண்ணும் கிடையாதோல்லியோ?' என்று என் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார். வாலாம்பாள் பாட்டைப் பாதியில் நிறுத்தி, எழுந்து உள்ளே போய்விட்டாள்.

10. ஜாதகம் சரியாகப் பொருந்தவில்லை என்று நாலாம் நாள் கார்டு வந்தது. முன்னே பொருந்தியிருந்த ஜாதகம்தான். அதைப் பற்றித் தங்களிடம் முறையிடவில்லை. என் மகளுக்கும் அதில் பெரிய வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. பையன் இரண்டு தட்டு பஜ்ஜி சாப்பிட்டான் என்பதைத் தவிர அவனைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

11. முறையீடு வேறு. வானொலி நிலையத்தில் குரல் பரிசோதனைக்கு வரும்படி என் மகளுக்குக் கடிதம் வந்திருக்கிறது. இம்மாதம் 19ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. ஒரு வருஷமாக இதற்கென்று விடியற்காலையில் எழுந்து சாதகம் செய்தவள். விண்ணப்பத்தில் முதல் பாட்டாக இதைத்தான் குறித்திருக்கிறாள். யாரும் சொல்லிக் குறித்ததல்ல. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒன்பது நாளாகச் சுருதிப்பெட்டியைத் திறக்கவில்லை. ஏன் என்று அவள் தாயார் கேட்டதற்கு, 'எல்லாரும் சிரிக்கற பாட்டை ரேடியோவுல வேற போய்ப் பாடணுமா?' என்றாள். 'வேற பாட்டுப் பாடேன்டி' என்றதற்கு, 'அதை நாளைக்கு மூட்டைப்பூச்சி மருந்துக்காரன் எடுத்துப்பான்' என்றாள். அவ்வளவுதான் பேச்சு. பிறகு வீட்டு வேலையெல்லாம் செய்கிறாள், சாப்பிடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். பாடுவது மட்டும் இல்லை. 19ஆம் தேதிக்குப் போகாவிட்டால் அடுத்த அழைப்பு எப்போது வரும் என்று சொல்வார் இல்லை.

12. ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

வண்டியை நிறுத்தும்படியோ, தாசையனின் பிழைப்புக்குக் குறைவு வரும்படியோ நான் கோரவில்லை. சொன்ன நேரத்துக்கு வருகிறவர்கள் இந்த ஊரில் குறைவு.

இம்மாதக் கடைசியில் கம்பெனியாரின் லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது, வீட்டிலும் கோயிலிலும் பாடிவரும் பாட்டுகளின் மெட்டை விளம்பரத்துக்கு எடுக்கலாகாது என்று ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். அவர்கள் சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டுக்கொள்ளட்டும். அது எவ்வளவு பிரபலமானாலும் அம்மனுக்கு எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று எங்கள் தெருவார் கையெழுத்திட்டுத் தரத் தயார்.

அதற்கு நாள் பிடிக்கும் என்றால், 19ஆம் தேதி வரையிலாவது அந்தத் தட்டைக் கரமனையில் போடாமலிருக்க உத்தரவிட வேண்டும். நிசப்தமாக இருந்தால் ஒரு வேளை அவள் பெட்டியைத் திறக்கக்கூடும்.

13. ஒரு விவரம் பாக்கி. உண்மையை மறைத்து மனுக் கொடுக்கலாகாது என்பதால் எழுதுகிறேன். கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள் என்று மேலே சொன்னேன். முதலில் சிரித்தவர் யார் என்று சொல்லவில்லை. கல்யாணராமன்தான் என்று வீட்டில் முடிவு கட்டியிருக்கிறார்கள். நானும் அப்படியே சொல்லி வருகிறேன், மற்றவர்களைவிடச் சற்று உரக்கவே. முதலில் சிரித்தது நான். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. வாலாம்பாள் பாடும்போது தாளத்துக்கு என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அன்று கை நின்றதும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். மற்றவர்கள் சிரித்தது அதற்குப் பிறகுதான். கல்யாணராமனை நான் திட்டும்போதெல்லாம் அவளும் அங்கேதான் இருக்கிறாள். ஒரு வார்த்தை மறுத்துச் சொன்னதில்லை. மெட்டை நிறுத்துவது தங்கள் அதிகாரத்தில் இருக்கிறது. இது இல்லை என்று அறிவேன். 'முதல்ல சிரிச்சது நான்தான், வாலா' என்று அவளிடம் இதுவரை நான் சொல்லவில்லை.

திருவனந்தபுரம்,
9-2-1954.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
கா. பிச்சுமணி
(கையொப்பம்)