அக்காவுக்கு ஒரு பாத்ரூம்

டிசம்பர் 2, செவ்வாய்

காலையில் பனி. மாரிகுப்பம் ஸ்டேஷனில் ரயிலின் விளக்கு தெரிந்தது, ரயில் தெரியவில்லை. ஜன்னலோரம் கிடைத்தது. நல்ல நாள்.

மதியம் கிளினிக்கில் கூட்டமில்லை. அக்காவுக்கு போன். பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கையும் இடது காலும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வா என்றேன். போன வருடம் சொன்ன அதே பதில்.

“லைன் வீட்டுக் கோடியில கீற பொதுக் கக்கூசுக்கு என்னைக் கையப் புடிச்சி இட்டுனு போவியா? ஊரே வேடிக்க பாக்கும். நானே போயி நானே வரணும்டி. அப்டி ஒண்ணு கட்டு, வர்றேன்.”

கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சுவரும் கூரையும் ஆயிற்று, உள்ளே ஒன்றுமில்லை. ஆசை காட்டிவிட்டு முடியாமல் போனால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள்.

டிசம்பர் 4, வியாழன்

சமையல்கட்டுக்குப் பின்னால் விறகு போட்டிருந்த மூலை. நாலடி அகலம், ஐந்தடி நீளம். அதற்குள் கமோடு, பேசின், குழாய், வாளி, குளிக்க நாங்கள்.

இவர் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். மைன்ஸ் மூடுவதற்கு முன்னால் கொஞ்ச காலம் ஷாஃப்டில் இறங்கியவர். எந்தச் சின்ன இடத்தைப் பார்த்தாலும், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கூண்டு இருக்கிறதே, அந்தக் கேஜ் கதைதான்.

“கேஜ்ல இம்மாத்தூண்டு எடத்துல ஒரு ஷிப்டே எறங்குவோம், தெரியுமா?”

“கேஜ்ல யாரும் குளிக்கலியே” என்றேன்.

சாக்பீஸால் தரையில் கோடு போட்டோம். க என்றால் கமோடு. பே என்றால் பேசின். ஷவர் வேண்டாம், கமோடு நனையும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும்.

முக்கியமானது க. அக்காவுக்கு வலது கைதான் நல்ல கை. ஆகவே க வலது மூலையில், வலது சுவரில் ஸ்டீல் கைப்பிடி. வாசலில் நின்று இவர் வலது கையை நீட்டிப் பார்த்தார், சரியாக எட்டியது. எங்கள் புத்திசாலித்தனத்தை நாங்களே மெச்சிக்கொண்டு தூங்கப் போனோம்.

டிசம்பர் 6, சனி

ராபர்ட்சன்பேட்டை. கடைக்காரர் முதலில் குளிக்கிற தொட்டியைக் காட்டினார். அதில் பாத்ரூமையே வைத்துவிடலாம் என்றார் இவர்.

வாங்கியது: கமோடு, வெள்ளை, கொஞ்சம் உயரமானது. (முழங்கால் மடக்க அக்கா கஷ்டப்படக்கூடாது.) மூலை பேசின், சோறு வடிக்கிற தட்டு அளவு. கைப்பிடி. ரோஸ் கலர் பேசினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். “சர்ச்சுக்கா போட்டுனு போற?” என்றார். விட்டுவிட்டேன். இன்னும் மனசு ஆறவில்லை.

ஆட்டோவில் கமோடு என் மடியில். வழியில் தெரிந்தவர் எல்லோரும் அன்றைக்கென்று பார்த்து ரோட்டில்.

டிசம்பர் 9, செவ்வாய்

எரிச்சல். எழுதக்கூடப் பிடிக்கவில்லை.

கொத்தனார் வெங்கடேசு இன்று கமோடு வைக்க வந்தார். ஆந்திரா எல்லைப் பக்கத்து ஆள், தெலுங்கு. நம் தமிழ் பாதி புரியும், மீதிக்குத் தலையாட்டுவார். இவர் டியூட்டிக்குப் போய்விட்டார். நான் ரயிலில். பங்காரப்பேட்டை தாண்டியதும் போன். வாளி கவிழ்ந்து சாக்பீஸ் கோடெல்லாம் அழிந்துவிட்டதாம், கமோடு எங்கே வைக்கட்டும் என்கிறார். ஒரே கூட்டம், இரைச்சல். சுவரோடு ஒட்டி வைத்துவிடப் போகிறாரே என்ற பயத்தில், “எடம் வுட்டு வைங்க, எடம்” என்று கத்தினேன். “சரே” என்றார்.

சாயங்காலம் வந்து பார்த்தால் கமோடு இடது மூலையில். சிமெண்ட் பூசி, துடைத்து, பளபளவென்று. கேட்டால், “மீரே கதா செப்பிந்தி, எடம எடமனி” என்கிறார். நான்தான் அப்படிச் சொன்னேனாம். அவர்கள் பாஷையில் எடம என்றால் இடது. நான் கேட்டது கொஞ்சம் இடம்.

நாளைக்கு உடைத்து மாற்ற வேண்டும். கிறிஸ்துமஸுக்குள் முடியுமா? அக்காவிடம் சொல்லாதது நல்லதாய்ப் போயிற்று. ராத்திரி சாப்பிடவில்லை. (இரண்டு வாழைப்பழம்.)

டிசம்பர் 10, புதன்

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது.

காலையில் வெங்கடேசு சுத்தியலோடு வந்தார், முகம் வாடி. கை வைக்குமுன், என்ன தப்பு என்று அவருக்குப் புரியவைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். ஆபீஸ் பையைத் தோளில் மாட்டியபடியே கமோடு மூடிமேல் உட்கார்ந்தேன். “எங்க அக்கா இப்டி ஒக்காந்தா, இந்தக் கைக்கு செவுரு எங்க கீது?” என்று வலது கையை வீசினேன். கைமுட்டி ‘ணங்’கென்று சுவரில் இடித்தது.

கையைத் தேய்த்துக்கொண்டே இன்னொரு முறை தொட்டுப் பார்த்தேன். சுவர்தான். வலது பக்கம்தான்.

வாசலில் நின்று பார்த்தால் இடது. திரும்பி உட்கார்ந்தால் வலது. இத்தனை நாள் கோடு போட்டோம், ஒருத்தரும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

இவரைப் பார்த்தேன். தலையைச் சொறிந்தார். “கேஜ்ல திரும்ப ஏது எடம்? அதான் எனுக்குத் தோணல” என்றார்.

வெங்கடேசு சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டார். இட்லி சாப்பிட வைத்தோம். ஆறு பத்து ரயில் போய்விட்டது. போகட்டும்.

டிசம்பர் 14, ஞாயிறு

கோயில் முடிந்து வந்து கைப்பிடி மாட்டினோம். இவர் தன் முழு கனத்தையும் போட்டுத் தொங்கினார். அசையவில்லை. பே வலது மூலையில் கச்சிதம். வாளிக்கும் இடம் இருக்கிறது (தமிழ் இடம்).

அக்காவுக்கு போன் போட்டு எல்லாம் சொன்னேன். “தரை வழுக்குமா?” என்றாள். வழுக்காது, சொரசொர டைல்ஸ் என்றேன். “சரி, என் பச்சைப் பொடவ உங்கிட்டதான கீது? தொவச்சி வை.”

வருகிறாள்!

டிசம்பர் 24, புதன்

நல்ல குளிர், மைன்ஸ் கழிவு மண் குவிந்த சைனைடு மேட்டிலிருந்து காற்று. ரோஸ் குக்கீ (அச்சு முறுக்குதான்) கருகிற்று, முதல் ஈடு மட்டும்.

பதினோரு மணிக்கு மகன் காரில் அக்கா. கட்டிப்பிடிக்கப் போனேன், தள்ளிவிட்டாள். “ஒதுங்குடி. பங்காரப்பேட்டையிலிருந்து அடக்கினு வர்றேன்.” தடியை ஊன்றி நேராகப் பின்பக்கம். பேசினைப் பார்த்து, “இதுல மூஞ்சியக் கழுவறதா, மூக்க மட்டுமா?” என்றாள். கூடவே உள்ளே நுழையப் பார்த்தேன். திரும்பி ஒரு முறை முறைத்தாள். நின்றுவிட்டேன்.

கதவு சாத்தியது. தாழ்ப்பாள் விழுந்தது. கைப்பிடியில் மோதிரம் உரசுகிற சத்தம். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, எனக்கு உயிரே இல்லை. அப்புறம் தண்ணீர்ச் சத்தம். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இப்படி ஒரு சந்தோஷம் வந்து எத்தனை நாளாயிற்று.

உள்ளேயிருந்து குரல்: “இன்னும் வாசல்லியேதான் நின்னுனு கீறியா? போ, போயி உன் வேலயப் பாரு.”