அண்ணனின் கம்ப்யூட்டர் திறந்தது

ஞாயிறு, இரவு.

தூக்கம் வரவில்லை. இன்று பொழிச்சலூரில் அண்ணி வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் இறந்தபின் அவருடைய கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை. லினக்ஸ் கம்ப்யூட்டர் அது. சர்ச் பாடகர் குழுவுக்கு அவர் இசை எழுதிய பழைய சாஃப்ட்வேர் விண்டோஸில்தான் ஓடும். அதற்காக லினக்ஸுக்கு உள்ளேயே விண்டோஸ் ஓடும் ஒரு மெய்நிகர் கணினி வைத்திருந்தார். இன்று போட்டுப் பார்த்தபோது அதுதான் திறக்கவில்லை.

"கிறிஸ்மஸ் பாட்டு அதுலதான் இருக்கு தம்பி. குழுவுல கேக்குறாங்க," என்றார் அண்ணி.

பிராசஸரில் மெய்நிகர் கணினியை ஓட்டும் விர்ச்சுவலைசேஷன் வசதி இல்லை என்று பிழைச்செய்தி வந்தது. லினக்ஸில்தான் கோளாறு என்று வெகுநேரம் தேடினேன். பிறகுதான் தேதி தப்பாக இருப்பதைப் பார்த்தேன். மாதக்கணக்கில் பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருந்ததில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும் பயாஸில் அண்ணன் செய்து வைத்த செட்டிங் எல்லாம் அழிந்திருந்தது. பேட்டரியை மாற்றி, அந்த வசதியை மறுபடி ஆன் செய்தேன்.

திறந்தது. அண்ணன் அதை மூடாமல், பாதி வேலையில் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார். பாட்டின் மூன்றாவது வரி காலியாக இருந்தது, கர்சர் மட்டும் மின்னி மின்னி மறைந்தது. பாட்டை ஓட விட்டேன். இரண்டு வரி கேட்டது, நின்றுவிட்டது.

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்பும்போது, வந்து முடிச்சிடுறேன்னு சொன்னார்," என்றார் அண்ணி. "நீ முடிச்சுக் குடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

"எனக்கு இசை தெரியாது அண்ணி."

"சரி, குழுவுல அந்த ரெண்டு வரியவே பாடட்டும்."