யூகாங்கட்டை

2-9-87, புதன்

வெக்கத்தை விட்டு எழுதறேன். நாப்பத்தாறு வயசுல, படிச்ச புள்ளைகிட்ட ஒரு பொய்யைச் சொல்லி மாட்டிக்கினேன்.

எங்க வூட்டு முன்னறையில குடியிருக்கற தமிழரசன் வாத்தியார் வார்த்தை பொறுக்கறவர். பெரிய பட்டத்துக்கு ஆராய்ச்சி. வடக்கனந்தல்லேர்ந்து தினம் கல்வராயன் மலைக்குப் பஸ் ஏறுவார். போன மாசம் என் நுகத்தடியைத் தடவிக்கினே சொன்னார்: சமஸ்கிருதத்துல யுகம், லத்தீன்ல யூகும், கிரேக்கத்துல ஸுகோன், இங்கிலீஷ்ல யோக், ருஷ்யாவுல இகோ, இந்தியில ஜுவா. எல்லாம் ஒரு தாய் வயித்துப் புள்ளைங்களாம். தாய் பேரு யுகோம்.

"அந்தம்மா பேசி யாரு கேட்டது?"

"யாரும் கேட்டதில்லண்ணே. புள்ளைங்களை வச்சிக் கண்டுபுடிச்சது. அதான் முன்னாடி நட்சத்திரம் போடுவோம்."

பேத்திங்க மூக்கை வச்சி, செத்துப்போன கெழவிக்குப் படம் வரையற வேலை! சீண்டாம இருக்க முடியல. "மலையில இதை யூகாங்கட்டைன்னுவாங்க"ன்னேன். வாத்தியார் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. கீழ அழிஞ்சுபோன பழைய உருவம் மலையில ஒளிஞ்சிக்கினு இருக்குதாம். மேல போயி, "இது யூகாங்கட்டைதானே?"ன்னு ரெண்டு பேரைக் கேட்டிருக்கார். பேண்ட் போட்டவர் கேட்டா இல்லைன்னு சொல்லுவாங்களா? "ஆமாங்க"ன்னுட்டாங்க. இப்ப அது நாலாம் அத்தியாயம். நட்சத்திரம் கூட இல்ல.

8-9-87

சொல்லிடலாம்னு போனேன். ஒரு பாட்டில் மலைத்தேன் குடுத்து, "நன்றியில உங்க பேரைப் போட்டிருக்கேண்ணே"ன்னார். திரும்பி வந்துட்டேன். தேன் நல்ல தேன்.

13-9-87, ஞாயிறு

மலைக்குப் போனேன். "ஆமாங்க" சொன்னவங்கள்ல ஒருத்தன் வேடியப்பன். தினைக்கொல்லையில களை புடுங்கிக்கினு இருந்தான். "யாராச்சும் வந்து கேட்டா அதையே சொல்லுப்பா"ன்னேன்.

அவன் நிமிரல. "எங்க வாயில இல்லாத பேச்சைப் புஸ்தகத்துல ஏத்திப்புட்டீங்க. நாளைக்கு எம் பொண்ணு படிச்சிட்டு, ஏம்பா இதை மறந்தேன்னு என்னைத் திட்டுவா. நான் இன்னாண்ணே சொல்றது?"

வர்ற வழியில பஸ்ல ஒருத்தரையும் வம்புக்கு இழுக்கல. கண்டக்டர் உடம்பு சரியில்லையான்னு கேட்டார்.

16-9-87

வாத்தியாருக்கு வாத்தியார், ராஜாங்கம் அய்யா வந்து எங்க வூட்லயே தங்கியிருக்கார். அவர் கையெழுத்துப் போட்டாத்தான் ஆராய்ச்சி ஏடு மெட்ராசுக்குப் போவும். அது போனாத்தான் நம்மாளுக்குக் காலேஜ் வேலை. அய்யாவுக்கு நாலாம் அத்தியாயம்தான் ஜாஸ்தி புடிச்சிருக்குதாம்! நாளைக்கே கிளம்பிடுவாராம். சாமி, கிளம்பட்டும்.

17-9-87

கிளம்பல. இடஒதுக்கீடு கேட்டு மறியல். ரோட்டுக்குக் குறுக்க புளியமரம் படுத்திருக்கு. கள்ளக்குறிச்சிக்கும் பஸ் இல்ல, சின்னசேலத்துக்கும் இல்ல. ஒரு வாரமாம்.

19-9-87

ரேடியோவுல செய்தி நல்லால்ல. உசுருங்க போயிருக்கு. இன்னைக்கு யாரையும் சீண்டல.

20-9-87

மூணு வேளையும் சோத்துக்கு நடுவுல அய்யா "யூகாங்கட்டை... யூகாங்கட்டை"ன்னு சொல்லிப் பார்க்கறார். எம் பொண்டாட்டி காசியம்மாளுக்கு எல்லாம் தெரியும். வாயைப் பொத்திக்கினு அடுப்பங்கரைக்கு ஓடறா.

22-9-87, செவ்வாய், அமாவாசை

நுகம் பூட்டறதை அய்யா கண்ணால பார்க்கணுமாம். பார்த்துட்டுத்தான் கையெழுத்தாம். அமாவாசையில மாட்டுக் கழுத்துல நுகம் வைக்கறதில்லைங்கன்னேன்.

"நாளையோட மறியல் முடியுது. நான் போயாகணுமே."

உள்ளேர்ந்து காசியம்மாள் குரல்: "மாட்டுக்குத்தானே அமாவாசை? நீங்க ரெண்டு பேரும் நில்லுங்களேன்!"

நின்னோம். வலத்துல வாத்தியார், இடத்துல நான். நுகத்தைக் கழுத்தோட கட்டற பூட்டாங்கயிறை அய்யாவே போட்டார். நல்லா இறுக்கிப் போட்டார். சொல்றதுக்கு இதான் நேரம்னு பட்டுச்சு. வாத்தியார் கோவத்துல விலகிப் போவணும்னாலும் என்னையும் இழுத்துக்கினுதான் போவணும்.

"யூகாங்கட்டை பொய்ங்க அய்யா. நான் கட்டிவுட்டது. மலையில மரியாதைக்கு ஆமாம்னாங்க. அவங்க மேல தப்பு இல்ல."

வாத்தியார் கழுத்து நடுங்கனது கட்டை வழியா என் கழுத்துக்கு வந்துச்சு. "ரெண்டு வருசம்ண்ணே..."ன்னார். அவ்ளோதான். அதுக்கு என்னை ரெண்டு அடி அடிச்சிருக்கலாம்.

அய்யா ஏட்டைப் புரட்டிக்கினே இருந்தார். கடைசியில ஏட்டைக் கட்டியிருந்த நாடாவை அவுத்து, நாலாம் அத்தியாயம் பதினோரு பக்கத்தையும் உருவி எடுத்தார்.

"மிச்சம் எல்லாம் நீயே தேடினது, தமிழரசா. அது போதும். ஆனா ஒண்ணு. இனிமே யார்கிட்டயும் 'இதுதானே?'ன்னு கேட்காதே. 'இது என்ன?'ன்னு கேளு."

வாத்தியார் முதுகு மேல ஏட்டை வச்சிக் கையெழுத்துப் போட்டார்.

அப்போ மழை புடிச்சிக்கிச்சு. அய்யா ஏட்டை நெஞ்சோட அணைச்சிக்கினு உள்ள ஓடினார். பின்னாலயே நாங்களும் ஓடினோம். எங்க வூட்டு வாசப்படி ரெண்டு முழ அகலம். நுகத்தடி நாலு முழம். ஆசாரி வந்து பார்த்துட்டு, ரெண்டு பக்க நிலையும் புதுசாத்தான் போடணும்னார்.