தாது உப்பு டப்பா

என்னங்க,

பன்றிக்குட்டிகள் பதினொன்றும் நலம். தாய்ப்பாலை மறக்கடித்துவிட்டேன். தீவனக் கஞ்சி நன்றாக ஆறிய பிறகே செரிமானத்துக்கான என்சைம் பொடியைக் கலக்கிறேன். சூட்டில் போட்டால் வீணாகிவிடும் என்று கால்நடை டாக்டர் சொன்னாரே. தாது உப்பும் ஒரு வேளைகூடத் தவறவில்லை.

நேற்று அந்தத் தாது உப்பு டப்பா காலியானது. கழுவலாம் என்று கவிழ்த்தேன். நம் மகள் மாசமாக இருந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகள் ஆறு அட்டையும் அடியில் கிடந்தன. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

அது குமட்டுகிறது என்பாள். "போட்டியாடி?" என்று கேட்டால், "போட்டாச்சு, போட்டாச்சு. நான் என்ன உன் பன்னிக்குட்டியா, வாயைத் தொறந்து காட்ட?" என்பாள். நானும் சிரித்துக்கொண்டே போய்விடுவேன். அப்போதிருந்த குட்டிகளுக்குத்தான் ஒவ்வொன்றாகத் தாடையைப் பிடித்து, விழுங்கும்வரை நின்று இரும்பு மருந்து விட்டேன்.

பிரசவ அறையிலிருந்து பிள்ளையை மட்டும் கொண்டுவந்து கொடுத்த அன்று, "உடம்புல ரத்தமே இல்லையே, மாத்திரை சாப்பிட்டாளா?" என்று டாக்டரம்மா கேட்டார். "என் கண்ணு முன்னாடி தினமும் சாப்பிட்டா" என்றேன். அதை நம்பித்தான் நீங்கள் அவரை அத்தனை பேச்சுப் பேசினீர்கள். இன்றைக்கும் ஃபோனில் என்னிடம் அவரைத்தான் திட்டுகிறீர்கள்.

நான் பார்க்கவில்லைங்க.

பேத்திக்குச் சொட்டு மருந்து விட்டதும் இப்போது வாயைத் திறந்து பார்க்கிறேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கிறாள்.

இனி அந்த டாக்டரம்மாவைத் திட்டாதீர்கள். திட்டுவதென்றால் லீவு போட்டு வந்து என்னை நேரில் திட்டுங்கள்.

அவளைப் பெற்றவள்