இரண்டு பொட்டலம் செம்பருத்தி

அப்பா,

இன்று காலை காகிமா மாடியேறி வந்து இரண்டு பொட்டலங்களைக் கொடுத்தார். இலையில் கட்டிய சின்னப் பொட்டலம் என் தலையணைக்கு அடியில் வைக்க. செய்தித்தாளில் சுற்றிய பெரியது அரைத்துத் தலையில் பூச. இரண்டிலும் செம்பருத்திதான். பெரியதைப் பிரித்து, ஊறிய வெந்தயத்தோடு மிக்சியில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றியதும் அந்த வாடை எழுந்தது. பச்சையும் கசப்புமாக, மழையில் நனைந்த கோணிப்பை மாதிரி. நான் அழுவேன் என்று நினைத்து, கீழ்வீட்டில் இருந்துகொண்டு மாடியை நமக்கு வாடகைக்கு விட்டிருக்கும் அந்த நல்ல மனுஷி, வாசலிலேயே முந்தானையைப் பிடித்தபடி நின்றார். எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. உங்கள்மேல்தான்.

எடுத்த வேலையைப் பாதியில் விடுகிறவர்களைக் கண்டாலே உங்களுக்கு ஆகாது. அலிப்பூர் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது தினமும் அப்படி ஒருவரைத் திட்டிக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவீர்கள். சரி, நீங்கள் எடுத்த வேலை என்னாயிற்று? என் முடியைச் சொல்கிறேன்.

நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். சரஸ்வதி பூஜைக்கு மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, தலைமுடியை விரித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவதென்றால் இந்த வங்காள ஊர்ப் பெண்களுக்கு அதைவிடப் பெரிய நாள் வேறு இல்லை. என் முடியோ உங்கள் முடி. உங்களுக்கு முடி இருந்த காலத்தில் அது அப்படித்தான் சுருண்டு சுருண்டு நிற்கும் என்று அம்மா சொல்வாள். விரித்துவிட்டால் விரியாது, எழும்பும். காகிமாவின் மகள் மிட்டு அக்கா அப்போதுதான் பார்லர் வேலை கற்றுக்கொண்டிருந்தாள். முடியை நேராக்கும் கிரீம் ஒன்றை என் தலையில் பூசிவிட்டு, கீழே சாப்பிடப் போனாள். நேரம் பார்க்கும் பொறுப்பு உங்களுடையது. கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரில் வைத்துக்கொண்டு, "நான் பாக்கேன், நீ ஆடாம இரிட்டி" என்றீர்கள். அப்புறம் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. எந்த அலமாரியில் எந்தத் தட்டில் எந்தக் கோப்பு இருக்கிறது என்று யாருக்கோ விளக்க ஆரம்பித்தீர்கள். அந்த ஆளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "எப்பா, எரியுது" என்று நான் சொன்னதற்குக் கையைக் காட்டினீர்கள்.

மிட்டு அக்கா வந்து சீப்பை வைத்தபோது முடி சீப்போடு போனது. முதுகில் பாதிவரை இருந்தது தோளுக்கு வந்தது. அதுவும் ஒரு பக்கம் தோள், ஒரு பக்கம் காது. மிச்சமிருந்தது தேங்காய் நார். சரஸ்வதி பூஜைக்கு நான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருந்தேன்.

அன்று மாலை கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். "நான் கெடுத்தது. நானே வளத்துத் தாரேன். இடுப்பு வரைக்கும்." அவ்வளவுதான் சொன்னீர்கள். என் கஷ்ட காலம் அன்றுதான் தொடங்கியது.

அம்மாவுக்கு மருத்துவமனையில் காலை ஷிஃப்ட். அவள் கிளம்பிப் போனதும் வீடு உங்கள் ஆட்சிக்கு வந்துவிடும். ஒரு வாரம் சின்ன வெங்காயச் சாறு. வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் இடம் மாற்றிக்கொண்டாள். அடுத்த வாரம் கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய எண்ணெய். குழாய்த் தண்ணீரில் இரும்பு அதிகம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மழைக்காலம் முழுக்க மொட்டை மாடியில் வாளிகளை வரிசையாக வைத்தீர்கள். காகிமா துணி காயப்போட இடமில்லாமல் வாளிகளுக்கு நடுவே பாண்டி ஆடிக்கொண்டு போவார். பருத்தித் தலையணை உறை முடியை உரசி அறுக்கும், பட்டுதான் நல்லது என்று ஒருநாள் உங்கள் போன் சொன்னது. அன்று சாயங்காலமே உங்கள் கல்யாணப் பட்டு வேட்டி இரண்டு உறைகளாகிவிட்டது. அம்மா வந்து பார்த்துவிட்டுப் பையைக்கூட இறக்கவில்லை.

"ஏங்க, இது என்ன?"

"தலகாணி ஒற."

"அது தெரியுது. எதுல தச்சீங்க?"

"பீரோல சும்மாதான கெடந்துச்சு."

ஜரிகைக் கரையைக்கூடக் கிழித்துப் போடவில்லை நீங்கள். காலையில் எழுந்தால் என் கன்னத்தில் கோடு கோடாகப் பதிந்திருக்கும்.

நான் சும்மா இருந்தேனா? உயிரியல் புத்தகத்தைத் திறந்து உங்கள் முன்னால் வைத்தேன். வேரில் மட்டும்தான் உயிர் உண்டு, தோலைத் தாண்டி வெளியே வந்த முடி செத்த முடி, செத்ததை எந்த எண்ணெயும் பிழைக்க வைக்காது என்று வாசித்துக் காட்டினேன். ஒட்ட வெட்டிவிட்டுப் புதிதாக வளர்ப்பதுதான் அறிவுள்ள காரியம் என்றேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுப் பக்கத்தையும் படித்தீர்கள். "செத்ததுன்னா என்ன, உன் தலைலதான இருக்கு" என்று புத்தகத்தை மூடிக் கொடுத்தீர்கள். இப்படிப் பேசுகிறவரிடம் யார் வாதாடுவது?

ஆனால் அந்தப் பக்கத்தை நீங்கள் மறக்கவில்லை. அதுதான் அடுத்த தொல்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் செய்தித்தாளை விரித்து என்னை உட்கார வைப்பீர்கள். அகலப் பல் சீப்பால் கீழிருந்து மேலாகச் சிக்கெடுப்பீர்கள். பிறகு ஒவ்வொரு கொத்தாக எடுத்துக் கயிறு மாதிரி முறுக்கி, வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் பிளந்த நுனிகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கத்தரிப்பீர்கள். கீழே காளிகாட் சந்து முழுக்க நடந்துகொண்டிருக்கும். மீன் பையோடு போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள்.

"என்ன தாதா, பார்லர் திறந்துட்டீங்களா?"

"வாங்க, உங்களுக்கும் வெட்டுதேன்" என்று பதில் சொல்வீர்கள். வங்காளத்தில்தான். அந்த வங்காளத்திலும் திருநெல்வேலிதான் கேட்கும்.

நான் முழங்காலுக்கு நடுவே கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு முகத்தை மறைப்பேன். "எப்பா, போதும். ஒரே வெட்டா வெட்டுங்க. எல்லாரும் பாக்காங்க." "பேசாம இரிட்டி. நல்ல முடி ஒண்ணு போயிரக் கூடாது." வெயில் சுவர் ஏறிப் போகும்வரை விடமாட்டீர்கள். கழுத்து வலிக்கும். என்னதான் வெட்டுகிறீர்கள் என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. முடி முழுக்க உங்கள் பிடியில், நுனி இருந்தது முதுகுப் பக்கம், உங்கள் கண்ணுக்கு மட்டும்.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முந்தின வாரம் நீங்கள் செய்ததை மட்டும் இந்தச் சந்து இன்னும் மறக்கவில்லை. முடிக்குச் செம்பருத்தி நல்லது என்று உங்களுக்குள் புகுந்துவிட்டது. அந்த வாரம் முழுக்கப் பார்க்கிறவர்களிடமெல்லாம் ஜபா கிடைக்குமா, ஜபா கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். இந்த ஊரில் செம்பருத்திக்கு ஜபா என்று பெயர், அது காளியின் பூ, கோயிலைச் சுற்றி மாலை மாலையாகத் தொங்குகிறது என்பதெல்லாம் உங்களுக்கும் தெரியும். சனிக்கிழமை காலை காகிமா கதவைத் தட்டி, இலையில் கட்டிய பொட்டலம் ஒன்றை உங்கள் கையில் கொடுத்தார். "மாமொனிக்கு" என்றார். என்னைத்தான் அப்படிக் கூப்பிடுவார். நீங்கள் பிரித்துப் பார்த்தீர்கள். சிவப்புச் செம்பருத்தி. பார்த்தாயா, கேட்டால் கிடைக்கும் என்று என்னிடம் பெருமையாகக் காட்டிவிட்டு நேரே மிக்சியில் போட்டீர்கள். இதழ்களில் குங்குமம் ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். சொல்வதற்குள் பட்டனை அழுத்திவிட்டீர்கள்.

சாயங்காலம் காகிமா, கொடுத்து வைத்திருந்த ஒரு பாத்திரத்தைத் திரும்ப வாங்க வந்தார். நான் தலையில் பசையோடு படித்துக்கொண்டிருந்தேன்.

"காளி அம்மா காலடியில் வைத்து வாங்கிய பூ, மாமொனி. விடியற்காலையில் வரிசையில் நின்றேன். தேர்வு முடிகிறவரைக்கும் தலையணைக்கு அடியிலிருந்து எடுக்கக் கூடாது. வைத்தாயா?"

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என் தலையைப் பார்த்தீர்கள். காகிமாவும் என் தலையைப் பார்த்தார்.

"தலகாணிக்கு அடில எதுக்கு காகிமா," என்றீர்கள் மெதுவாக, "தலைலயே வச்சாச்சு."

"ஓ மா!" என்று காகிமா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உங்கள் வழுக்கைத் தலை முழுக்க வியர்த்தது. எனக்கு அப்படியே மேசைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது.  அவர் எழுந்து வந்து, என் தலையிலிருந்து ஒரு சொட்டுப் பசையை விரலால் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டு இறங்கிப் போனார். போகிறபோது உங்களை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த சனிக்கிழமை வந்தபோது அவர் கையில் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. ஒன்றை உயர்த்தி, "ஏட்டா மாயேர்" என்றார். இன்னொன்றை உயர்த்தி, "ஏட்டா மாத்தார்." இது அம்மாவுடையது, இது தலைக்கு. சின்னக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல உங்களைத் திருப்பிச் சொல்ல வைத்தார். நீங்களும் சொன்னீர்கள். அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு பொட்டலம்.

முடி வளர்ந்தது. ஒத்துக்கொள்கிறேன், வளர்ந்தது. கருகினது கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தித்தாளில் விழுந்து தீர்ந்துபோய், மேலிருந்து நல்லது இறங்கி வந்தது. நீங்கள் இடுப்புக்கும் நுனிக்கும் நடுவே கையை வைத்து விரலால் அளப்பீர்கள். ஒருமுறை அளந்துவிட்டுத் திகைத்தீர்கள். போன தடவை இருந்த அதே நாலு விரல். ஏமாற்றம் தாங்கவில்லை உங்களுக்கு. என்னைச் சுவரோடு நிற்க வைத்து, பழைய பென்சில் கோட்டுக்கு மேலே புதுக் கோடு போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. நான் உயர்ந்திருந்தேன். முடி இறங்க இறங்க இடுப்பும் கீழே போய்க்கொண்டிருந்தது. "நீ வளர்றத நிறுத்துட்டி. முடி எட்டிப் பிடிக்கட்டும்" என்று உண்மையாகவே கோபப்பட்டீர்கள்.

அதற்கடுத்த ஞாயிறு வரவில்லை. வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் நாற்காலியிலிருந்து எழுந்தவர் அப்படியே விழுந்தீர்கள் என்று சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நல்ல மழை. உங்களுக்கு உடுத்த அம்மா பீரோவைத் திறந்து தேடினாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் போய் என் தலையணையைக் கொண்டுவந்தேன். அம்மா அதை வாங்கி ஜரிகைக் கரையைத் தடவினாள். பிறகு உறையைக் கழற்றாமல் அப்படியே உங்கள் தலைக்கு அடியில் வைத்தாள். உங்களைப் பருத்தி வேட்டியில்தான் அனுப்பினோம். சொல்லுங்கள், இதற்கு எரிச்சல் வராமல் வேறென்ன வரும்?

அதன் பிறகு என் முடியில் நான் கத்தரி படவிடவில்லை. காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். அந்த உயிரியல் புத்தகம்தான் காரணம். முடி வேரிலிருந்து வளர்கிறது என்றால், காதுக்கு மேலே இருப்பதெல்லாம் நீங்கள் போன பிறகு வந்தது. அதற்கு உங்களைத் தெரியாது. கீழே இருப்பதுதான் உங்கள் கை பட்டது. நுனி நீங்கள் அதிகம் தொட்டது. வெட்டினால் அங்கிருந்துதான் போகும். அதனால் வேண்டாம் என்றேன். நுனி பிளந்தது. பிளவு மேலே ஏறியது, வளர வளர நுனி ஒடிந்துகொண்டும் இருந்தது. அம்மா, "தோளோட வெட்டிருவோம்டி, எனக்கும் நேரமில்ல, உனக்கும் படிப்பு" என்றாள். மிட்டு அக்கா இப்போது ஜாதவ்பூரில் சொந்தமாகப் பார்லர் வைத்திருக்கிறாள். இலவசமாகச் செய்கிறேன் என்று கெஞ்சுகிறாள். நீங்கள் போன பிறகு நின்றுபோயிருந்த பொட்டலங்களோடு இன்று வந்த காகிமா என் பின்னலைத் தூக்கிப் பார்த்து, "தேய்ந்த துடைப்பம்" என்றார். "உன் அப்பா பார்த்தால் என்ன சொல்வார்?"

என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியாதா? விட்டால் வேர்வரை ஏறும், எடுட்டி கத்தரிய, என்பீர்கள். உங்கள் கை பட்டதை வெட்டிப் போடச் சொல்கிறவரும் நீங்கள்தான். எவ்வளவு தொல்லை பிடித்த மனிதர்!

பசையைக் கழுவி, காயவைத்து, பால்கனியில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன். முடியை ஒரு பக்கமாக முன்னால் எடுத்துப் போட்டேன். மடிக்கு வந்தது, அப்பா. முதல் தடவையாக நுனியை இவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு கொத்தை எடுத்து முறுக்கினேன். பிளந்தவை துருத்திக்கொண்டு நின்றன, வெளிச்சத்தில் ஒவ்வொன்றும் பூச்சியின் மீசை மாதிரி. கத்தரியை வைத்தால் பக்கத்து நல்ல முடி நழுவி நடுவே வருகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றை வெட்டினேன். அப்புறம் இன்னொன்று. ஒரு கொத்து முடிவதற்குள் விரல் மரத்துவிட்டது. இதையா ஒவ்வொரு மாதமும் முழுத் தலைக்கும் செய்துகொண்டிருந்தீர்கள்? நான் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு சீக்கிரம் சீக்கிரம் என்று நச்சரித்துக்கொண்டிருக்கும்போதா?

மீன் பையோடு போன ஒருவர் கீழே நின்று அண்ணாந்தார். "பார்லர் மறுபடி திறந்தாச்சா?"

"வாங்க, உங்களுக்கும் வெட்டுறேன்" என்றேன். என் வங்காளத்தில் திருநெல்வேலி கிடையாது. ஆனாலும் அவர் சிரித்துக்கொண்டு போனார்.

வெயில் சுவர் ஏறிப்போனபோது செய்தித்தாளில் விழுந்திருந்தது ஒரு சிட்டிகை. அவ்வளவே. நீங்கள் தொட்ட முடி இன்னும் முதுகு நிறைய இருக்கிறது. காகிதத்தை மடித்துக் குப்பையில் போட்டேன், நீங்கள் போடுவதுபோலவே, திரும்பிப் பார்க்காமல். பிறகு இடுப்பில் கையை வைத்து அளந்தேன். நாலு விரல்தான், ஆனால் என் விரல் மெலிசு. சுவரோடு போய் நின்று பார்த்தேன். உங்கள் பென்சில் கோட்டுக்கு மேலே இருக்கிறேன்.

வளர்வதை நிறுத்தச் சொன்னீர்கள். நிறுத்தவில்லை. முடிதான் துரத்திக்கொண்டு வருகிறது.