ஏரி வழக்கில் நீ உட்காராதே

பாலக்கரை, திருச்சினாப்பள்ளி
சர்வதாரி வருஷம், தை 3

சிரஞ்சீவி நல்லதம்பிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் தங்கை, அவள் பிள்ளைகள் எல்லோரும் அம்மன் புண்ணியத்தில் சுகம், அங்கே நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். எப்போதும் செபஸ்தியான் வாத்தியாரைத்தான் எழுதச் சொல்வேன், இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுக்க எனக்கு வெட்கம், எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுமையாகப் படி.

உன் பெண்சாதி பவுனம்மாள் பொங்கலுக்கு எழுதிய கடிதாசியில் ஒரு சேதி. ஏரித் தண்ணீரை விடக்கூடாது என்று தாசில்தாராக நீ உத்தரவு போட்டாயாம், பயிர் காய்கிறதென்று ஒன்பது குடியானவர்கள் மதகைத் திறந்தார்களாம், நீயே கரையில் நின்று அவர்களைப் பிடிக்கச் சொன்னாயாம், வருகிற வெள்ளிக்கிழமை நீயே மாஜிஸ்திரேட்டாக உட்கார்ந்து விசாரிக்கப்போகிறாயாம். உங்க பிள்ளைதான் இங்க எல்லாமே அத்தை என்று பெருமையாக எழுதியிருக்கிறாள். அவள் சின்னப் பெண், அவளுக்குத் தெரியாது. உனக்குமா தெரியாது?

ரௌத்திரி வருஷம் பங்குனி, உனக்கு ஐந்து வயது. தொட்டியத்தில் நம் வாழை குலை தள்ளி நின்றது, வாய்க்காலை அடைக்க உத்தரவு. உன் அப்பா கரையை ஒரு வெட்டு வெட்டிவிட்டார், தப்புதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. குதிரையில் வந்து பிடித்துப் போனவர் அப்போதிருந்த தாசில்தார், பெயரை என் கையால் எழுதமாட்டேன். மூன்றாம் நாள் விசாரணைக்குத் தாலுகா கச்சேரியில் பார்த்தால் நாற்காலியில் அதே மனுஷன், அதே தலைப்பாகை. வாய்க்கால்ல நின்னு பார்த்ததும் நீங்கதானே எசமான், உங்ககிட்டயே நான் என்னத்தச் சொல்றது என்று உன் அப்பா கேட்டார். டவாலிச் சேவகன் வரைக்கும் சிரித்தார்கள். ஒரு மாதம் ஜெயில், வாழை நின்ற நிலையிலேயே வதங்கியது. ஜெயிலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை, என் பேச்சை யாருமே கேக்கலியே வீரம்மா என்பதைத்தான் சாகும்வரை சொன்னார்.

நீ நல்லவன், நியாயமாகத்தான் சொல்வேன் என்பாய். நம் வாய்க்காலில் மடை திறந்து முறைத் தண்ணீர் விட்ட நீர்க்கட்டியும் நல்லவன்தான். தண்ணீர் விடுகிறவனுக்கு அந்த வாய்க்காலில் சொந்த நிலம் இருக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு. அவனுக்கு மாமனார் வழியில் கால் காணி வந்தது, அன்று சாயங்காலமே மண்வெட்டியை வாங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். ஒரு சொட்டு அவன் திருடவில்லை, திருடுவான் என்று யாரும் சொல்லவுமில்லை. நீ ரெண்டுமா இருக்க முடியாதுப்பா என்றார்கள், அவனும் சரியென்று போனான். தில்லியில் இப்போது தேசத்துக்கே சட்டம் எழுதுகிறார்களாம், சட்டம் போடுகிறது, நடத்துகிறது, தீர்ப்புச் சொல்கிறது மூன்றும் ஒரே கையில் இருக்கக் கூடாதாம், வாத்தியார் பத்திரிகை வாசித்தார். இதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா வாத்தியாரே, தொட்டியத்துல கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களே என்றேன்.

ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் போனபோது, இப்போது அங்கேயே குடியிருக்கும் அந்தப் பழைய தாசில்தார் தடியூன்றி எதிரே வந்தார். கண் மங்கிவிட்டது, என்னைத் தெரியவில்லை. உன் தங்கைதான் வாயடக்கமில்லாமல் உன் உத்தியோகத்தைச் சொன்னாள். பலே, நம்ம நாற்காலிக்கு வந்துட்டானா, நன்னா இருக்கட்டும் என்று சிரித்தார். பவுனம்மாள் கடிதாசி வந்ததிலிருந்து அந்தச் சிரிப்புதான் காதில் நிற்கிறது.

உடனே மேலே எழுதி வழக்கை வேறொருவருக்கு மாற்றச் சொல். நீ சாட்சிக் கூண்டில் ஏறி, கரையில் பார்த்ததைச் சொல், அவர்களும் சொல்லட்டும், தப்பென்றால் அந்த இன்னொருவர் தண்டிக்கட்டும். மேலதிகாரி முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மீறி நீ உட்கார்ந்தாயானால், சனிக்கிழமை நான் ஸ்ரீரங்கம் போய் அந்த மனுஷன் வாசலில் நின்று, இருபத்தெட்டு வருஷமாக உங்களைச் சபித்தது என் தப்பு என்று சொல்லிவிட்டு வருவேன். பெற்ற பிள்ளை செய்வதை அடுத்தவன் செய்தால் மட்டும் எப்படிச் சபிப்பது?

பவுனம்மாளைத் திட்டாதே. பனியில் பிள்ளைகளை வெறும் தலையோடு விடாதே. எல்லோருக்கும் என் ஆசீர்வாதம், உனக்கும்தான், பெற்றவளால் அதை நிறுத்திவைக்க முடியாது. மாற்றியாயிற்று என்று ஒரு தந்தி அடி, சனிக்கிழமை காலையில் நான் வண்டி ஏறுவதற்குள் வரட்டும்.

இப்படிக்கு,
அம்மா வீரம்மாள்